ஊரகச் சிறு நகரங்களில் அரசுத் தொடக்கப் பள்ளிகள்: ஒப்பீடு எதற்கு, எப்படி?

(கல்வித் துறை அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பாரத நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் 1950 இல் நடைமுறைக்கு வந்தபோது, அதன் 45 ஆவது பிரிவு அரசுக்கு ஒரு காலவரம்பை விதித்தது. பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்தாண்டுகளுக்குள் அரசு முயல வேண்டும் என்பதே அது. நெறிமுறைக் கோட்பாடுகள் பலவற்றுள் இத்தகைய காலவரம்பு பெற்றது இது ஒன்றே. அந்தப் பத்தாண்டு 1960 இல் கடந்தது; இலக்கு கைகூடவில்லை. 2002 இல் 86 ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரையுள்ளோரின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அவ்வுரிமையைச் செயற்படுத்தும் சட்டம் 2009 இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்த நீண்ட பயணத்தில் கேள்வியும் மாறிவிட்டது. முன்பு, ஊரில் பள்ளி இருக்கிறதா என்று கேட்டார்கள். இப்போது பெரும்பாலான ஊர்களில் பள்ளி இருக்கிறது. அங்கே பயிலும் குழந்தை எதைக் கற்றுக்கொள்கிறது, பக்கத்துப் பள்ளியில் பயிலும் குழந்தையைவிடக் கூடுதலாகவா குறைவாகவா என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை எழுப்புவோர் பலர். எந்தப் பள்ளியில் சேர்ப்பது எனத் தாய் கேட்கிறாள். எந்தப் பள்ளிக்கு ஆசிரியரை அனுப்புவது என வட்டாரக் கல்வி அலுவலர் கேட்கிறார். எந்தப் பள்ளியை மற்றொன்றோடு இணைப்பது என மாநிலத் தலைநகரம் கேட்கிறது. மூவரும் பள்ளிகளை ஒப்பிடவே செய்கின்றனர். அந்த ஒப்பீடு பிழையானால், அதன் விலையைக் கொடுப்பது அம்மூவரும் அல்லர். விளிம்பில் வாழும் குடும்பத்தின் குழந்தை. ஆகவே ஒப்பிடும் முறையை ஆராய்வது நிருவாகத்துக்கும் நீதிக்கும் ஒருங்கே தொடர்புடைய பணியாகும்.

சிறு நகரம் ஏன்?

சிறிய கிராமத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு அரசுப் பள்ளிதான் உண்டு. ஒப்பிட அங்கே இன்னொன்று இல்லை. பெருநகரத்தில் பள்ளிகள் பல, அவை அமைந்த குடியிருப்புகளும் வெவ்வேறு உலகங்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது ஊரகச் சிறு நகரம். குறைந்தது 5,000 மக்கள், ஆண் முதன்மை உழைப்பாளருள் நூற்றுக்கு 75 பேராவது வேளாண்மை அல்லாத தொழிலில் ஈடுபட்டிருத்தல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற செறிவு ஆகிய மூன்று அளவுகோல்களைக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இத்தகைய ஊர்களை நகரமென வகைப்படுத்துகிறது. ஆயினும் இவ்வூர்களின் வாழ்வு சுற்றியுள்ள வயல்களோடு பிணைந்தே கிடக்கிறது. வட இந்தியாவில் இவற்றைக் கஸ்பா என்பர். வாரச் சந்தை, பேருந்து நிலையம், வட்டார வளர்ச்சி அலுவலகம், தானிய மண்டி ஆகியவை ஊரின் நடுவே. பழைய குடிகளின் தெருக்கள் அதைச் சுற்றி. நெடுஞ்சாலைக்கு அப்பால், அண்மைக் காலத்தில் குடியேறிய கூலித் தொழிலாளர்களின் குடியிருப்பு.

இத்தகைய ஊரில் மூன்று நான்கு அரசுப் பள்ளிகள் நடைதூரத்திலேயே இருக்கும். கடைத்தெரு அருகே பழைய தொடக்கப் பள்ளி; அதற்குப் பக்கத்திலேயே கன்யா பாடசாலை என்ற பெயரில் தொடங்கப்பட்ட பெண்கள் பள்ளி; ஊரின் விளிம்பில் பின்னாளில் திறக்கப்பட்ட மற்றொரு பள்ளி; ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஒரு நடுநிலைப் பள்ளி. பாடநூல் ஒன்றே, ஊதிய விகிதம் ஒன்றே, மேற்பார்வை அலுவலகமும் ஒன்றே. ஆனாலும் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு கண்கூடாகத் தெரிகிறது. அதனால்தான் அரசுப் பள்ளிகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வை ஆராய்வதற்குச் சிறு நகரம் நல்ல களமாக அமைகிறது.

நிருவாக எல்லைகளும் இங்கே குறுக்கிடுகின்றன. உத்தரப் பிரதேசத்தின் அடிப்படைக் கல்வி ஆசிரியர் பணி விதிகள், 1981, ஊரகப் பகுதிக்கும் நகரப் பகுதிக்கும் தனித்தனிப் பணித்தொகுதிகளை வகுத்தன. இத்தகைய ஏற்பாட்டில், நகர எல்லைக்கு உள்ளே ஆசிரியர் பற்றாக்குறை நிலவும்போது, அரைக் கல் தொலைவில் எல்லைக்கு வெளியே உள்ள பள்ளியில் ஆசிரியர் கூடுதலாக இருந்தாலும் அவரை எளிதில் மாற்ற இயலாது. பள்ளியின் குறை என வெளியே தெரிவது சில வேளைகளில் விதிநூலின் குறையே.

மூன்று ஏடுகள்

ஒப்பீட்டுக்குரிய புள்ளி விவரங்கள் மூன்று ஊற்றுகளிலிருந்து கிடைக்கின்றன. அவற்றின் தன்மையை அறியாமல் பயன்படுத்துவது ஆபத்தானது.

முதலாவது, பள்ளிகள் தாமே நிரப்பி அனுப்பும் கல்வித் தகவல் தொகுப்பு. 1994 இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் துணையாகப் பிறந்த இம்முறை, 2012–13 முதல் எல்லா நிலைப் பள்ளிகளையும் ஒன்றாகத் தழுவியது; 'யூடைஸ்' என்ற பெயரால் அலுவலர்கள் அனைவரும் அறிந்தது. 2022–23 முதல் பள்ளிவாரி எண்ணிக்கைக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவரின் விவரமும் தனித்தனியே பதியப்படுகிறது. ஒரே குழந்தையின் பெயர் இரு பள்ளிகளில் இருப்பதைக் கண்டறிய இது உதவுகிறது. அறைகள், கழிப்பறைகள், ஆசிரியர் எண்ணிக்கை, சேர்க்கை ஆகியவற்றை ஒவ்வொரு பள்ளிக்கும் தரவல்லது இத்தொகுப்பு ஒன்றே. குழந்தை என்ன கற்றது என்பதை மட்டும் இது கூறாது.

இரண்டாவது, தேசிய அடைவு ஆய்வு. 2017 இல் 3, 5, 8 ஆம் வகுப்புகளிலும், 2021 இல் 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளிலும் இது நடைபெற்றது. 2024 டிசம்பரில் 'பரக்' அமைப்பின் வாயிலாக 3, 6, 9 ஆம் வகுப்புகளில் நடத்தப்பட்டது. மாதிரிப் பள்ளிகளைக் கொண்டு மாவட்டத்தின் நிலையை மதிப்பிடுவது இதன் நோக்கம்.

மூன்றாவது, பிரதம் என்ற தன்னார்வ நிறுவனம் 2005 முதல் வெளியிட்டு வரும் 'அசர்' ஆய்வு. ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று குழந்தையிடம் ஒரு சிறு பத்தியைப் படிக்கச் சொல்லியும் எளிய கணக்குகளைப் போடச் சொல்லியும் இது நடத்தப்படுகிறது. அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர்கள் 2018 இல் 20.9 சதவிகிதம், 2022 இல் 16.3 சதவிகிதம், 2024 இல் 23.4 சதவிகிதம் என இந்த ஆய்வு கணித்தது. கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் இழப்பும், பின்னர் நிகழ்ந்த மீட்சியும் இவ்வெண்களில் தெரிகின்றன. 2024 இலும் நால்வரில் ஒருவருக்கும் குறைவாகவே அத்திறன் பெற்றிருந்தனர் என்பதும் தெரிகிறது.

பின்னிரண்டு ஆய்வுகளும் நாட்டுக்கும் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் பொருந்துவன. ஓர் ஊரின் கிழக்குத் தெருப் பள்ளியையும் மேற்குத் தெருப் பள்ளியையும் தராசில் நிறுத்த அவை உருவாக்கப்படவில்லை. மாவட்டச் சராசரியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு பள்ளியின் தலைமையாசிரியரைக் கண்டிக்கும் அலுவலர், மழைமானியைக் கொண்டு கிணற்றின் ஆழத்தை அளப்பவரை ஒத்தவர்.

சராசரி மறைப்பது

ஒரு கற்பனைச் சிறு நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் மூன்று தொடக்கப் பள்ளிகள். கடைத்தெருப் பள்ளியில் 48 குழந்தைகள், 4 ஆசிரியர்கள். பெண்கள் பள்ளியில் 52 குழந்தைகள், 2 ஆசிரியர்கள். நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள விளிம்புப் பள்ளியில் 116 குழந்தைகள், 2 ஆசிரியர்கள். ஊர் முழுமைக்கும் 216 குழந்தைகள், 8 ஆசிரியர்கள். அதாவது ஆசிரியர் ஒருவருக்கு 27 குழந்தைகள். ஒருவருக்கு 30 பேருக்கு மேற்படலாகாது என்ற வரம்புக்குள் ஊர் அடங்கிவிட்டது. மாவட்ட அலுவலகத்துக்குச் செல்லும் அறிக்கையில் இங்கே குறை எதுவும் தென்படாது.

பள்ளிவாரியாகப் பார்த்தால் காட்சி வேறு. கடைத்தெருப் பள்ளியில் விகிதம் 12. பெண்கள் பள்ளியில் 26. விளிம்புப் பள்ளியில் 58. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர்கள், 91 முதல் 120 வரை 4 ஆசிரியர்கள் என வகுக்கிறது. அதன்படி இம்மூன்று பள்ளிகளுக்கும் முறையே 2, 2, 4 ஆசிரியர்கள் தேவை. கூட்டினால் 8. இருப்பதும் 8. ஒரு புதிய பணியிடமும் வேண்டியதில்லை. ஒரு ரூபாய்க் கூடுதல் செலவும் இல்லை. கடைத்தெருவிலிருந்து இருவர் நெடுஞ்சாலையைக் கடந்தால் போதும்.

அந்த இருவர் ஏன் கடப்பதில்லை? பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள பள்ளி, மாவட்டத் தலைநகரிலிருந்து நாள்தோறும் வந்து செல்லும் ஆசிரியருக்கு வசதியானது. மாறுதல் கோரும் மனுக்களின் போக்கு எப்போதும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கியே அமைகிறது. இதற்கு எந்தத் தனி மனிதரின் தீய எண்ணமும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பல சிறு நியாயங்கள் சேர்ந்து ஒரு பெரிய அநியாயத்தை உண்டாக்குகின்றன. ஆசிரியர் விகிதம் மாவட்டத்துக்கோ ஒன்றியத்துக்கோ சராசரியாக அன்றி ஒவ்வொரு பள்ளியிலும் பேணப்பட வேண்டும் எனச் சட்டத்தின் 25 ஆவது பிரிவு வலியுறுத்துவதன் காரணம் இதுவே. நாடு முழுவதும் 2024–25 இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் இருந்தன என்ற அரசுப் புள்ளி விவரத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பதிவேடும் வருகையும்

அடுத்து, சேர்க்கைக்கும் வருகைக்கும் உள்ள இடைவெளி. விளிம்புப் பள்ளியின் பதிவேட்டில் 116 பெயர்கள் இருந்தாலும், அறுவடை நாளில் வகுப்பில் அமர்ந்திருப்போர் 64 பேராக இருக்கலாம். கூலிக்குச் செல்லும் பெற்றோர், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்துகின்றனர். செங்கற் சூளைக்குக் குடும்பத்தோடு சென்றவர்கள் மழைக்காலத்தில்தான் திரும்புகின்றனர்.

வருகையைச் சரிபார்க்க அலுவலரிடம் ஒரு நல்ல கருவி உண்டு. 1995 இல் தேசியத் திட்டமாகத் தொடங்கி, உச்சநீதிமன்றத்தின் 2001 நவம்பர் ஆணைக்குப் பின் சமைத்த உணவாக நிலைபெற்ற மதிய உணவுத் திட்டத்தில், தொடக்க வகுப்புக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், நடுநிலை வகுப்புக் குழந்தைக்கு 150 கிராம் என்பது அளவு. 64 பேர் உண்டால் செலவாகும் தானியம் 6 கிலோ 400 கிராம். வருகைப் பதிவேடு, உணவுப் பதிவேடு, தானிய இருப்பு ஆகிய மூன்றையும் ஒரே நாளுக்கு அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை பெரும்பாலும் புலப்படும். இரு பதிவேடுகளும் சேர்ந்தே பெருக்கி எழுதப்படலாம் என்பதால், அறிவிக்காமல் சென்று தலைகளை எண்ணுவதற்கு ஈடில்லை.

வருகையைக் கணக்கிற் கொள்ளாத தேர்வு ஒப்பீடு விந்தையான முடிவுகளைத் தரும். மேற்சொன்ன கற்பனை ஊரிலேயே, விளிம்புப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் 25 பேர். தேர்வு நாளில் வந்தவர் 15. அவருள் படிக்க வல்லவர் 6. ஆகவே 40 சதவிகிதம். கடைத்தெருப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் 10 பேர், வந்தவர் 9, படிக்க வல்லவர் 4. ஏறத்தாழ 44 சதவிகிதம். இரு பள்ளிகளும் ஏறக்குறைய சமம் என அறிக்கை கூறும். வராதவர்களையும் வீட்டுக்குச் சென்று சோதித்தால்? விளிம்புப் பள்ளியில் வராத பத்துப் பேரில் ஒருவரே படிக்க வல்லவரானால் விழுக்காடு 28 ஆக இறங்குகிறது. கடைத்தெருப் பள்ளியில் வராத ஒருவர் படிக்க இயலாதவராயினும் 40 இல் நிற்கிறது. சமம் எனத் தோன்றியது பெரும் இடைவெளியாக மாறிவிட்டது. எந்தக் குழந்தைக்கு உதவி மிகவும் தேவையோ அந்தக் குழந்தைதான் தேர்வு நாளில் வருவதில்லை.

இன்னொன்றும் இங்கே கவனத்துக்குரியது. பத்துப் பேர் கொண்ட வகுப்பில் ஒரு குழந்தையின் வெற்றி தோல்வி பத்துச் சதவிகிதத்தை மாற்றிவிடும். ஒரு சிறுவனுக்கு அன்று காய்ச்சல் என்பதால் பள்ளி முதலிடத்திலிருந்து மூன்றாமிடத்துக்கு இறங்கக்கூடும். சிறிய பள்ளிகள் தரவரிசையின் உச்சியிலும் அடியிலும் மாறி மாறித் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இந்த எண்கணிதமே காரணம். ஓராண்டு மதிப்பெண்ணைக் கொண்டு பரிசு கொடுப்பதும் தண்டனை விதிப்பதும் நாணயத்தைச் சுண்டிப் போட்டுத் தீர்ப்பு எழுதுவதற்குச் சமம். மூன்றாண்டு விவரங்களைச் சேர்த்துப் பார்ப்பது குறைந்தபட்ச எச்சரிக்கை.

மதிப்பெண்ணின் பின்னால் இருப்பவை

குழந்தை பள்ளிக்கு வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டில் பேசும் மொழி, தாயின் கல்வி, உடல்நலம், மாலையில் படிக்க விளக்கு ஆகியவை அதனோடு வருகின்றன. கடைத்தெருப் பள்ளியில் பயில்வோர் சிறு வணிகரின் பிள்ளைகள். விளிம்புப் பள்ளியில் பயில்வோர் பெரும்பாலும் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறியும் தலைமுறையினர். இருவரின் மதிப்பெண்ணையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுகையில், அளக்கப்படுவது பள்ளியா, குடும்பமா?

இந்த ஐயத்துக்கு விடை காண ஆந்திரப் பிரதேசத்தில் 2008 இல் தொடங்கிய ஓர் ஆய்வு துணை செய்கிறது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய அந்த ஆய்வில், அரசுப் பள்ளிக் குழந்தைகள் சிலர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டுத் தனியார் பள்ளியில் பயில உதவித்தொகை பெற்றனர். தனியார் பள்ளிகளின் சராசரி மதிப்பெண் தொடக்கத்தில் உயர்ந்தே இருந்தது. ஆனால் நான்காண்டுகளுக்குப் பின், குலுக்கலில் வென்று அங்கே சென்றவர்களும் செல்லாதவர்களும் தெலுங்கிலும் கணக்கிலும் ஏறக்குறைய ஒரே நிலையிலேயே இருந்தனர். இந்தியில் மட்டும் சென்றவர்கள் முன்னேறியிருந்தனர். குறைந்த செலவிலேயே அப்பள்ளிகள் இந்நிலையை எட்டின என்பதையும் ஆய்வு சுட்டிற்று. வெளித் தோற்றத்தில் கண்ட மதிப்பெண் வேறுபாட்டின் பெரும்பகுதி, எந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எங்கே சேர்ந்தனர் என்பதிலிருந்து பிறந்தது என்பதே இதன் பாடம். அரசுப் பள்ளிகளைத் தமக்குள் ஒப்பிடும்போதும் இப்பாடம் பொருந்தும்.

ஆதலால் நிலையை மட்டும் நோக்காது வளர்ச்சியையும் நோக்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பள்ளியில் பத்துக்கு ஆறு பேர் படிக்க வல்லவர். ஆண்டின் முடிவில் ஏழு பேர். மற்றொரு பள்ளியில் தொடக்கத்தில் ஒருவர், முடிவில் நால்வர். முடிவை மட்டும் பார்ப்பவர் முதற்பள்ளியைப் பாராட்டுவார். ஆசிரியரின் உழைப்பைத் தேடுபவர் இரண்டாவது பள்ளியின் வாசலில் நிற்பார். இவ்வளவுகோலுக்கும் குறை உண்டு. இடையிலேயே பள்ளியை விட்டு நின்றவர்கள் கணக்கிலிருந்து மறைந்தால் வளர்ச்சி பொய்யாகப் பெருகும். எல்லாரும் படிக்க வல்லவர்களாக உள்ள வகுப்பில் எளிய சோதனையால் வளர்ச்சியைக் காட்டவும் இயலாது. எனவே நிலை, வளர்ச்சி, வருகை ஆகிய மூன்றையும் அருகருகே வைப்பதே முறை. இவற்றை ஒரே எண்ணாகக் குழைத்துத் தரவரிசையாக்கும்போது, அலுவலர் அறிய வேண்டியது எதுவோ அதுவே அழிந்துபோகிறது.

ஆசிரியரின் நேரம்

கட்டடமும் எண்ணிக்கையும் அளக்க எளியவை. கற்பிக்கும் நேரம் அளக்க அரியது. ஆயினும் ஒரே ஊரிலுள்ள இரு பள்ளிகளின் வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சட்டத்தின் அட்டவணை, தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாட்களையும் 800 கற்பித்தல் மணிகளையும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 220 நாட்களையும் 1,000 மணிகளையும் குறைந்தபட்சமாக வகுக்கிறது.

1996 இல் வட மாநிலங்களில் மேற்கொள்ளப்பட்டு 1999 இல் வெளியான 'புரோப்' அறிக்கை, ஆய்வாளர்கள் சென்ற நேரத்தில் ஏறத்தாழப் பாதிப் பள்ளிகளில்தான் கற்பித்தல் நடந்துகொண்டிருந்தது எனப் பதிவு செய்தது. 2003 இல் அறிவிப்பின்றி நடந்த நாடு தழுவிய ஆய்வொன்று, அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் நால்வரில் ஒருவர் அன்று பள்ளியில் இல்லை எனக் கண்டது. இவ்வெண்களைக் கேட்டவுடன் ஆசிரியரைப் பழிப்பது எளிது. ஆனால் 2017 இல் வெளிவந்த அஸிம் பிரேம்ஜி அறக்கட்டளையின் ஆய்வு, பள்ளியில் இல்லாதவர் 18.5 சதவிகிதமாயினும், தக்க காரணமின்றி வராதவர் 2.5 சதவிகிதமே என்றது. ஏனையோர் விடுப்பிலோ, பயிற்சியிலோ, வேறு அலுவல் பணியிலோ இருந்தனர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என 27 ஆவது பிரிவு தடுத்த பின்பும், கூட்டங்களும் படிவங்களும் குறைந்தபாடில்லை.

நான்கு ஆசிரியர் உள்ள பள்ளியிலிருந்து ஒருவர் ஒன்றிய அலுவலகக் கூட்டத்துக்குச் சென்றால் மூவர் எஞ்சுவர். இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் சென்றால் 116 குழந்தைகளும் ஐந்து வகுப்புகளும் ஒருவரின் பொறுப்பாகின்றன. அன்று நடப்பது கற்பித்தலன்று, காவல் காத்தல். ஒரே சுற்றறிக்கை இரு பள்ளிகளில் இருவேறு அளவில் தீங்கு விளைவிக்கிறது. பள்ளிகளை ஒப்பிடும் அலுவலர், தம் அலுவலகம் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் எத்தனை ஆசிரியர் நாட்களை எடுத்துக்கொண்டது என்பதையும் அதே பட்டியலில் ஒரு பத்தியாகச் சேர்ப்பது நேர்மை.

இணைப்பதா, சீர்செய்வதா?

ஒப்பீட்டின் முடிவு இன்று பல மாநிலங்களில் ஒரு கடினமான தீர்மானத்தில் சென்று முடிகிறது. 2016–17 இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 28 சதவிகிதப் பள்ளிகளில் 30 க்கும் குறைவான மாணவர்களே இருந்தனர் எனத் தேசியக் கல்விக் கொள்கை 2020 குறிப்பிட்டது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர், நூலகம், விளையாட்டு ஆகியவற்றை இத்தகைய பள்ளிக்குத் தனித்தனியே அளிப்பது அரிது. பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயிலும் கல்விச் சூழலும் மெலிகிறது. ஆகவே இணைப்பை ஆதரிப்போர் கூறும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. ராஜஸ்தான் 2014 இல் ஆயிரக்கணக்கான பள்ளிகளை இணைத்தது. உத்தரப் பிரதேச அரசு 2025 ஜூனில் குறைந்த மாணவருள்ள பள்ளிகளை அருகிலுள்ளவற்றோடு இணைக்க ஆணையிட்டபோது, அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்தன.

மறுபக்கமும் உண்டு. வரைபடத்தில் எண்ணூறு மீட்டராகத் தெரியும் தொலைவு, சரக்கு லாரிகள் விரையும் நெடுஞ்சாலை குறுக்கிட்டால் ஆறு வயதுக் குழந்தைக்குக் கடக்கவொண்ணாத ஆறாகிவிடும். மாற்றுச் சாதியினரின் தெரு வழியே செல்ல வேண்டியிருந்தால் சில பெற்றோர் பெண்ணை அனுப்பவே மாட்டார்கள். தொலைவு பெண் கல்வியை எவ்வளவு பாதிக்கிறது என்பதற்குப் பீகார் சான்று தருகிறது. அங்கே 2006 முதல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு மிதிவண்டி வழங்கப்பட்டதும் சேர்க்கை கணிசமாக உயர்ந்தது. உயர்நிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களில் பயன் மிகுதியாக இருந்தது என ஆய்வுகள் காட்டின. தொலைவைக் குறைத்தபோது வந்தவர்கள், தொலைவைக் கூட்டினால் நின்றுவிடுவார்கள் என்று அஞ்சுவதில் தவறில்லை. தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கோ மிதிவண்டியும் உதவாது.

மேலும், ஒரு பள்ளியில் சேர்க்கை குறைந்தது எதனால் என்ற கேள்விக்கு விடை காணாமல் அதை மூடுவது, நோயறியாது மருந்து கொடுப்பதாகும். பிறப்பு விகிதம் குறைந்ததாலா? குடும்பங்கள் புலம்பெயர்ந்ததாலா? ஓராசிரியரும் அடிக்கடி வெளிப்பணிக்குச் சென்றதால் நம்பிக்கை இழந்த பெற்றோர் விலகியதாலா? முதல் இரண்டும் காரணமானால் இணைப்பு பொருந்தலாம். மூன்றாவது காரணமானால், அரசின் குறைக்காகக் குழந்தையைத் தண்டிப்பதாகும்.

இவ்விரு நிலைகளுக்கும் இடையே ஒரு நடுவழியைக் கோத்தாரி கல்விக் குழு 1964–66 இலேயே காட்டியது. அருகருகே உள்ள பள்ளிகள் ஒரு பள்ளித் தொகுதியாக இணைந்து ஆசிரியர் திறனையும் கருவிகளையும் பகிர்ந்துகொள்ளலாம் என்பது அதன் பரிந்துரை. 2020 ஆம் ஆண்டுக் கொள்கையும் அக்கருத்தை மீண்டும் எடுத்தாண்டது. நடைதூரத்தில் பள்ளிகள் அமைந்த சிறு நகரமே இதைச் செயற்படுத்தத் தக்க இடம். நடுநிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியர் வாரம் ஒரு நாள் பிற பள்ளிகளுக்குச் செல்லலாம். நூலகப் பெட்டி சுற்றிவரலாம். ஓர் ஆசிரியர் விடுப்பில் சென்றால் தொகுதியிலிருந்து மற்றொருவர் அனுப்பப்படலாம். குழந்தை இருந்த இடத்திலேயே இருக்க, ஆசிரியர் நடப்பார்.

ஒப்பீடு யாருக்கு உரியது?

கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழுவை விதிக்கிறது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அக்குழுவின் கடமை. பல இடங்களில் அக்கூட்டம் கையொப்பத்தோடு முடிந்துவிடுகிறது. ஒப்பீட்டு விவரங்கள் அலுவலகக் கோப்பில் உறங்காமல் இக்குழுவின் முன் வைக்கப்பட்டால் அதன் பேச்சு மாறும். "நம் பள்ளிக்குச் சட்டப்படி நான்கு ஆசிரியர், இருப்பவர் இருவர், கடைத்தெருவில் இருவருக்குப் பதில் நால்வர்" என்ற மூன்று வரிகளை எழுத்தறியாத தாயும் கேட்டு விளங்கிக்கொள்வாள். அந்த வரிகளைக் கையில் கொண்டு அவள் கேட்கும் கேள்விக்கு அலுவலர் விடை கூறியாக வேண்டும்.

அலுவலர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் பணித்திட்டம் எளியது. ஒவ்வொரு சிறு நகரத்துக்கும் ஒரே ஒரு தாள் போதும். பள்ளிவாரியாகச் சேர்க்கை, எண்ணிப் பார்த்த வருகை, அட்டவணைப்படி வேண்டிய ஆசிரியர், இருக்கும் ஆசிரியர், வெளிப்பணிக்குச் சென்ற ஆசிரியர் நாட்கள், ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் படிக்க வல்ல குழந்தைகள், இடையில் நின்றவர்கள் ஆகிய ஏழு பத்திகள். வரிசை எண் என்ற எட்டாவது பத்தி வேண்டியதில்லை. மாணவர்களுக்கும் இங்கே வேலை உண்டு. பெரும் புள்ளியியல் மாதிரிகளைத் தேடும் முன், தம் ஊரின் மூன்று பள்ளிகளுக்கு நடந்து சென்று இந்த ஒரு தாளை நிரப்பிப் பார்க்கும் முதுநிலை மாணவர், பங்கீடு என்ற சொல்லின் பொருளைப் பாடநூலைவிடத் தெளிவாக அங்கே கற்பார்.

2021 இல் தொடங்கப்பட்ட 'நிபுண் பாரத்' இயக்கம், மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் 2026–27 க்குள் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்கு அறியவும் வேண்டும் என இலக்கு வகுத்தது. அரசியலமைப்பு விதித்த பத்தாண்டு வரம்பு கடந்ததை நினைவிற் கொள்வோர், எந்த இலக்கும் ஆண்டைக் குறிப்பதனால் மட்டும் எய்தப்படுவதில்லை என்பதையும் அறிவர். அது நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள பள்ளியில் எய்தப்பட வேண்டியது. அங்கே நான்கு ஆசிரியர்கள் இருக்க வேண்டிய வகுப்பறைகளில் நான்கு ஆசிரியர்கள் நின்று கற்பிக்கும் நாளில், கடைத்தெருப் பள்ளியையும் விளிம்புப் பள்ளியையும் நியாயமாக ஒப்பிடத் தொடங்கலாம்.